11 விநாடிப் பந்தயம்... 16 போல்ட்டுகளை நம்பி!

பழைய கார் ஒன்றின் இன்ஜினை எடுத்து, பந்தயத்துக்குத் தயார் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்கச்சக்கமாக முறுக்கி ஓட்டினால் அதில் முதலில் எது உடையும்? பிஸ்டனா, கிராங்க் ஷாஃப்ட்டா, வால்வா?

எதுவும் உடையலாம். ஆனால், அனுபவப்பட்ட இன்ஜின் பில்டர்கள் முதலில் சந்தேகப்படுவது நம் சுண்டுவிரல் அளவே இருக்கும் ஒரு போல்ட்டைத்தான். வெளியே தெரியாது, சக்தியையும் கூட்டாது. அது அறுந்தால் மட்டும் மொத்த இன்ஜினும் காலி!

இந்த வாரம் அந்த போல்ட்டில் ஆரம்பித்து, ஒரு பழைய இன்ஜினை டிராக் ரேஸுக்கு எப்படி பலப்படுத்துகிறார்கள் என்று பார்ப்போமா? கார் ஓட்டத் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

கால் மைல், நேர்கோடு

டிராக் ரேஸில் வளைவு, நெளிவு எதுவும் கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நடுவில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று செல்லமாக அழைக்கப்படும் விளக்குக் கம்பம். பச்சை விழுந்ததும் பாய வேண்டும். தூரம் கால் மைல். நம் கணக்கில் 402 மீட்டர். முதலில் கோட்டைத் தாண்டுபவர் வெற்றியாளர். அவ்வளவுதான்.

இது அமெரிக்காவில் வளர்ந்த விளையாட்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து, தெருக்களிலேயே பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேகத்தைத் தெருவிலிருந்து பாதுகாப்பான தனித் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். 1953-ல் அதன் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் பொமோனா நகரில் நடந்தது.

அங்கே இன்றும் அதிகம் புழங்கும் பழைய இன்ஜின்களில் ஒன்று, செவர்லே நிறுவனத்தின் 'ஸ்மால் பிளாக்' வி8. 1955-ல் அறிமுகமானது. எட்டு சிலிண்டர்கள். இதில் 1967-ல் வந்த 5.7 லிட்டர் ரகம் மிகப் பிரபலம். 1970-களின் நடுவில் பல குடும்பக் கார்களில் 200 குதிரைத்திறனுக்கும் குறைவாகவே கொடுத்துக்கொண்டு, சாதுவாக ஓடிய இன்ஜின் அது.

ஒன்றரை டன் எடையுள்ள ஒரு காரை 11 விநாடியில் கால் மைல் ஓட வைக்க, ஏறக்குறைய 500 குதிரைத்திறன் தேவை. அதாவது, இரண்டரை மடங்குக்கும் மேல். அந்தச் சக்தியை வரவழைப்பது இன்று பெரிய வித்தையே இல்லை. நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டர் ஒன்றை மாட்டி, ஒரு பட்டனை அழுத்தினால் 150 குதிரைத்திறன் கூடுதலாக வந்து நிற்கும். வந்த சக்தியை இன்ஜின் தாங்குமா என்பதில்தான் சிக்கல்.

தள்ளுவதைவிட இழுப்பது ஆபத்து

பள்ளிக்கூடத்தில் படித்த நான்கு ஸ்ட்ரோக்குகள் நினைவிருக்கிறதா? உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல். பிஸ்டன் மேலும் கீழும் ஓட, கனெக்டிங் ராடு அந்த ஓட்டத்தை கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கடத்தும். சைக்கிள் மிதிக்கும்போது பிஸ்டன் உங்கள் முழங்கால், கனெக்டிங் ராடு கணுக்கால் வரையிலான கால், கிராங்க் பெடல் தண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வெடிக்கும் நேரத்தில்தான் கனெக்டிங் ராடுக்கு அதிக ஆபத்து என்று நாம் நினைப்போம். அப்போது ராடு அழுத்தப்படுகிறது. இரும்புக்கு அழுத்தம் பழக்கமான விஷயம். அதன் உண்மையான சோதனை புகையை வெளியேற்றும் ஸ்ட்ரோக்கின் முடிவில் வருகிறது. பிஸ்டன் அசுர வேகத்தில் மேலே போகிறது. வால்வு திறந்திருக்கிறது. எதிர்த்து நிறுத்த மேலே காற்றழுத்தம் இல்லை. விட்டால் அது அப்படியே பறந்துவிடும். அந்தப் பிஸ்டனைப் பிடித்து, நிறுத்தி, திரும்பக் கீழே இழுக்க வேண்டியது கனெக்டிங் ராடு. அந்த ராடை கிராங்க்கோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டே இரண்டு போல்ட்டுகள். எட்டு சிலிண்டருக்கு மொத்தம் 16.

எவ்வளவு இழுப்பு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த 5.7 லிட்டர் இன்ஜினில் பிஸ்டன் ஓடும் தூரம் 88 மில்லிமீட்டர். பிஸ்டனும் அதன் பின்னும் சேர்ந்து முக்கால் கிலோ என்று வைப்போம். நிமிடத்துக்கு 5,000 சுற்றில், அந்த முக்கால் கிலோ தன் ராடை சுமார் 1,200 கிலோ விசையோடு மேல்நோக்கி இழுக்கிறது. 7,000 சுற்றில்? 2,300 கிலோவைத் தாண்டுகிறது! வேகம் கூடியது 40 சதவிகிதம்தான். இழுப்பு இரட்டிப்பாகிவிட்டது. சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுப்பு ஏறும் என்பதுதான் காரணம்.

11 விநாடி ஓட்டத்தில் சராசரியாக 6,000 சுற்று என்றால், கிராங்க் மொத்தம் 1,100 முறை சுழலும். அதில் 550 முறை இந்த இழுப்பு வந்து போகும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று ஒடியுமே, அந்த மாதிரி உலோகமும் களைத்துப்போகும். பல வருடம் ஓடிக் களைத்த பழைய போல்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

முறுக்கினால் போதாது, நீள வேண்டும்

அதனால், பழைய இன்ஜினைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது கனெக்டிங் ராடு போல்ட்டுகள்தான். உயர் ரக அலாய் ஸ்டீலில் செய்த புதிய போல்ட்டுகள் வரும்.

அவற்றை மாட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணமாக டார்க் ரெஞ்ச் வைத்து, குறிப்பிட்ட அளவுக்கு முறுக்குவோம். நூலில் கொஞ்சம் எண்ணெய் கூடக்குறைய இருந்தாலே அந்த அளவு ஏமாற்றிவிடும். எனவே பந்தய இன்ஜின் கட்டுபவர்கள் போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கருவி வைத்து அளக்கிறார்கள். ஆமாம், முறுக்க முறுக்க போல்ட் ரப்பர் பேண்டு மாதிரி இழுபடும். ஆனால், சுமார் 0.15 மில்லிமீட்டர்தான்.

எதற்கு இப்படி இழுத்து வைக்க வேண்டும்? லாரியில் ஏற்றிய வைக்கோல் பாரத்தை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் மேடு பள்ளத்தில் பாரம் அசையாது, கயிறும் தேயாது. தளர்வாகக் கட்டினால் ஒவ்வொரு குலுக்கலிலும் கயிறு உதறி உதறி அறுந்துபோகும். போல்ட்டும் அப்படித்தான். வரப்போகும் இழுப்பைவிட அதிகமாக முன்பே இறுக்கப்பட்டிருந்தால், அந்த இழுப்பின் பெரும்பகுதி அதைத் தீண்டவே தீண்டாது.

இன்னொரு விஷயம். புது போல்ட்டின் இறுக்கம் அதிகம் என்பதால், ராடின் வட்டமான துளை கொஞ்சம் கோணிக்கொள்ளும். லேத் பட்டறையில் கொடுத்து, அதை மறுபடி சரியான வட்டமாகக் கடைந்து வாங்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டால், பேரிங் தேய்ந்து, நல்ல போல்ட் போட்டும் இன்ஜின் போய்விடும்.

தோசைக்கல்லும் அரிவாளும்

அடுத்தது கிராங்க், ராடு, பிஸ்டன். பழைய குடும்பக் கார் இன்ஜின்களில் கிராங்க்கும் பிஸ்டனும் பெரும்பாலும் வார்ப்பு. உருக்கி அச்சில் ஊற்றியவை. பந்தயத்துக்குப் போடுபவை ஃபோர்ஜிங், அதாவது பழுக்கக் காய்ச்சி அழுத்தி அடித்து உருவாக்கியவை.

வித்தியாசம் நம் வீட்டிலேயே இருக்கிறது. வார்ப்பு இரும்பு தோசைக்கல் கை தவறிக் கீழே விழுந்தால் விரிசல் விட்டுவிடும். கொல்லர் அடித்துக் கொடுத்த அரிவாளை எறிந்தாலும் வளையுமே தவிர, சுக்குநூறாகாது. உள்ளே உலோகத்தின் இழைகள் அடியில் நெருங்கிப் படிந்து போவதுதான் ரகசியம்.

எரியும்போது பிஸ்டன் தலையில் விழும் அடியையும் பார்த்துவிடுவோம். சிலிண்டரின் விட்டம் 101.6 மில்லிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் என்று வைத்தால்கூட, ஒரு பிஸ்டன் மேல் ஐந்தரை டன்னுக்கு மேல் விழுகிறது. ஒரு யானை ஏறி நிற்பதைவிட அதிகம்! அதுவும் விநாடிக்கு 50 தடவைக்கு மேல். நைட்ரஸ் பட்டனை அழுத்தினால் இது இன்னும் ஏறும்.

அப்போது கவனிக்க வேண்டியது பிஸ்டன் ரிங். ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். சாதாரண ஓட்டத்துக்கு 0.4 மில்லிமீட்டர் போதும். நைட்ரஸ், டர்போ என்றால் 0.6 மில்லிமீட்டர் வேண்டும். சூட்டில் ரிங் விரியும்போது இடம் இல்லாவிட்டால், இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு பிஸ்டனையே பெயர்த்துவிடும். 0.2 மில்லிமீட்டரைச் சேமித்ததற்கு ஒரு பிஸ்டனே விலை.

இன்ஜினுக்குள் சிமென்ட்!

இப்போது போல்ட், ராடு, கிராங்க், பிஸ்டன் எல்லாம் பலமாகிவிட்டன. இனி எது உடையும்? அவற்றைத் தாங்கும் பிளாக்!

உதாரணம், 1980-களின் பிற்பகுதியில் ஃபோர்டு மஸ்டாங்கில் 225 குதிரைத்திறனோடு வந்த 5 லிட்டர் வி8. அதன் உள்பாகங்களை எவ்வளவு நல்லதாகப் போட்டாலும், 500 குதிரைத்திறனைத் தாண்டினால் பிளாக் நடுவில் நீளவாக்கில் பிளந்துவிடும் ஆபத்து உண்டு என்பது அங்கே பந்தயக்காரர்களிடம் பிரபலமான எச்சரிக்கை. விறகு பிளந்த மாதிரி இரண்டாகக் கிடக்கும் பிளாக்குகளின் படங்கள் ஏராளம்.

அதனால், செலவு செய்வதற்கு முன்பே பழைய பிளாக்கை 'ஸ்கேன்' எடுக்கிறார்கள். காந்தப்புலத்தில் வைத்து இரும்புத்தூள் தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் மேல் தூள் கோடாகச் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். சிலிண்டர் சுவரின் தடிமனை ஒலி அலை வைத்து அளக்கிறார்கள். தேறினால் மட்டுமே அடுத்த வேலை. கிராங்க்கைத் தாங்கும் மூடிகளில், இரண்டு போல்ட்டுக்குப் பதில் நான்கு போல்ட் உள்ளவற்றைப் பொருத்துவதும் உண்டு.

பிறகு ஒரு வேடிக்கை. பிளாக்குக்குள் குளிர்நீர் ஓடும் பாதையின் அடிப்பகுதியில், சிமென்ட் மாதிரி இறுகும் கலவையை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள்! சிலிண்டர் சுவர்கள் அசையாமல் நிற்கும். தண்ணீர் குறைந்தால் இன்ஜின் சூடாகாதா? ஆகும். ஆனால், ஓட்டமே 11 விநாடிதானே? முடித்துவிட்டு ஆற வைத்தால் போதும். டவுனுக்குள் டிராஃபிக்கில் ஓட்ட வேண்டிய காருக்கு முழுவதும் நிரப்பும் வைத்தியம் ஆகாது.

ஜெயித்த பிறகு வரும் ஆபத்து

ஆயில் விஷயத்திலும் டிராக் ரேஸுக்குத் தனிக் கவலை. இந்த செவர்லே இன்ஜினில் ஆயில் தேங்கும் பள்ளம் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். கார் பாயும்போது ஆயிலும் பின்பக்கம் ஒதுங்குவதால் பிரச்னை இல்லை. கோட்டைத் தாண்டி பிரேக் அடிக்கும்போது, பஸ்ஸில் நிற்பவர்கள் சாய்வதைப் போல ஆயில் மொத்தமும் முன்பக்கம் ஓடிவிடும். ஆயிலை உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். பேரிங் காய்ந்துபோகும். அதனால் ஜெயித்துவிட்டு பிரேக் போடும்போது இன்ஜினை இழந்தவர்களும் உண்டு. சம்ப்புக்குள் தகட்டுத் தடுப்புகள் வைத்து ஆயிலை ஓடவிடாமல் பிடிக்கிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத தகடு!

சரி, எல்லாம் மீறி ஒரு ராடு அறுந்தே விட்டது. என்ன ஆகும்? அறுந்த ராடு பிளாக்கின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சூடான ஆயில் கொட்டும். எங்கே? பின்சக்கரங்களுக்கு முன்னால். கார் அப்போது மணிக்கு 190 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும். தன் ஆயிலிலேயே தன் டயர் வழுக்கும். இன்ஜின் போனால் பணத்தோடு போகும், ஆனால் இங்கே பணயம் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் உயிர். இதற்காகவே வேகமான பந்தயக் கார்களில் இன்ஜினின் அடியில் ஒரு பை கட்டுகிறார்கள். கொட்டும் ஆயிலை ஏந்திக்கொள்ளும் அந்தப் பைக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? 'டயப்பர்'தான்!

பலம் போன இடத்திலிருந்து பலவீனம் நகரும்

இன்ஜினைப் பலப்படுத்தினால் ஆபத்து அடுத்த பாகத்துக்கு இடம் மாறும். இன்ஜின் தாங்கினால் கிளட்ச், ஃபிளைவீல், கியர்பாக்ஸ் என்று வரிசையாகச் சோதனைக்கு வரும்.

டிராக் ரேஸின் ஜாம்பவான் டான் கார்லிட்ஸ் அதை உடம்பால் அறிந்தவர். 1970 மார்ச் மாதம், கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில், ஸ்டார்ட் எடுத்த கணத்தில் அவருடைய காரின் கியர்பாக்ஸ் வெடித்தது. அந்தக் காலத்தில் அத்தகைய கார்களில் இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவில். கார் இரண்டு துண்டானது. வலது பாதத்தின் ஒரு பகுதியை அவர் இழந்தார்.

மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோதே, இன்ஜினை ஓட்டுபவருக்குப் பின்னால் கொண்டுபோகும் யோசனையில் இறங்கிவிட்டார். அப்படிக் கட்டிய காரோடு 1971-ல் பொமோனா விண்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் வென்றும் காட்டினார். சில ஆண்டுகளில் அந்தப் பிரிவின் கார்கள் எல்லாமே அந்த வடிவத்துக்கு மாறிவிட்டன. அவர் காரில் மாற்றியது சக்தியை இல்லை, உடைந்தால் யார் மேல் விழும் என்பதை.

அதனால்தான் கவனமாகக் கட்டுபவர்கள் ஒரு வரிசையை விடாமல் பிடிக்கிறார்கள்.

* முதலில் பிளாக்குக்கும் கிராங்க்குக்கும் விரிசல் சோதனை.
* அடுத்து போல்ட், பேரிங், லேத் வேலை.
* பிறகு ஃபோர்ஜிங் செய்த ராடு, பிஸ்டன். எல்லாவற்றையும் எடை பார்த்து பேலன்ஸ் செய்தல்.
* ஆயில் சம்ப்பில் தடுப்புத் தகடு, புது வால்வு ஸ்பிரிங்.
* ஸ்டீல் ஃபிளைவீல், அதைச் சுற்றி இரும்புக் கவசம்.
* சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டர்.
* சக்தியைக் கூட்டும் சாமான்கள் இதற்கெல்லாம் பிறகு.

இதில் ரெவ் லிமிட்டர் மலிவான சாமான். ஆனால், பதற்றத்தில் கியர் விழாமல் போய், இன்ஜின் 7,000-லிருந்து 8,500-க்கு எகிறினால், நாம் பார்த்த அந்த 2,300 கிலோ இழுப்பு 3,400 கிலோவைத் தொடும். அந்தக் கணத்தில் எரிதலை நிறுத்தி, 16 போல்ட்டுகளையும் காப்பாற்றுவது இந்தச் சின்னப் பெட்டிதான்.

பழைய காரையோ பைக்கையோ 'ட்யூன்' செய்ய வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை ஆசையோடு வந்து நின்றால் திட்டாதீர்கள். கற்றுக்கொள்ள நல்ல விஷயம் அது. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "சக்தி எவ்வளவு கூடும்னு சொல்ற, சரி. அதைத் தாங்க எதையெல்லாம் மாத்தப் போற?" பதில் பட்டியலாக வந்தால் பிள்ளை தேறிவிட்டான் அல்லது தேறிவிட்டாள். பிறகு இரண்டாவது நிபந்தனை. ஓட்டுவது தடத்தில் மட்டும். எவ்வளவு நல்ல போல்ட் போட்டாலும், ஊர்ச் சாலையில் குறுக்கே வரும் சைக்கிள்காரரைக் காப்பாற்ற அதனால் முடியாது.

அடுத்த வாரம்: பெட்ரோல் பங்க்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண் எதைச் சொல்கிறது?